அடுப்படிக் கூரை விளக்கு: மூடுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள்

(நம் அறக்கட்டளை திருமயத்தில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்து ஊர் திரும்பிய மின்பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஏணியில் நின்றுகொண்டு கீழே இருப்பவரிடம் "ஸ்க்ரூ டிரைவரை எடுங்க" என்று சொல்லித்தான் பழக்கம். அதனால் பேச்சு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊரில் வீடு கட்டினாலும் சரி, பழைய வீட்டைத் திருத்தினாலும் சரி, அடுப்படிக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் வட்ட வட்டமாக டவுன் லைட் பதிக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டு ஆம்பளை சபரில் இருப்பார். அங்கிருந்து போனில் ஒரு படம் அனுப்புவார், "இதே மாதிரி வேணும்" என்று. இங்கே வேலை செய்பவரிடம் நின்று பேசுவது வீட்டுப் பெண்கள். என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது அம்மாவின் அடுப்படிக்கு நானே பி.வி.சி. பலகையில் சீலிங் அடித்து, நாலு டவுன் லைட் பதித்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, "தம்பி, இந்த மூலையில ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். சுவரைக் கொத்த நேரம் இல்லை. மேலே லைட்டுக்குப் போன ஒயரிலிருந்தே ஒரு கனெக்டர் போட்டு, கீழே இறக்கி, ப்ளக் வைத்துக் கொடுத்துவிட்டேன். மிக்சிக்குத்தானே என்று நினைத்தேன்.

நான் போன பிறகு அக்கா ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மா அதை அந்த ப்ளக்கில் மாட்டியிருக்கிறார். அடுத்த லீவு ரமலானில் அமைந்தது. சஹருக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். மீன் வாடை. "மூணு நாளா இப்படித்தான் இருக்கு. சாக்கடை ஓட்டையைக் கூடக் கழுவிட்டேன், வாடை போகலை" என்றார் அம்மா. அந்த வீட்டில் ஒரு வாரமாக மீனே வாங்கவில்லை.

இதை மட்டும் எல்லோரும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவிட்ச், ஹோல்டர், கனெக்டர் இவற்றில் இருக்கும் சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடானால் கிட்டத்தட்ட மீன் கவிச்சி மாதிரிதான் வாடை வரும். மீன் சமைக்கிற வீட்டில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மீன் வாங்காத நாளில் மீன் வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நானும் மெயினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து, ஒரு லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான் போட்ட கனெக்டர் காப்பி நிறத்துக்கு வந்து, ஒரு பக்கம் உருகியிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எலி தேங்காய் நாரும் பழந்துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. எல்லாம் காய்ந்து சருகாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் அந்த வீட்டில் அம்மா தனியாகத்தான் படுப்பார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. யார் செய்த வேலை? பதினாலு வருடம் இதே தொழில் பார்த்த நான் செய்த வேலை.

இதில் லைட் மேல் குற்றம் இல்லை. ஒரு 8 வாட் எல்.இ.டி. இழுக்கும் கரண்டு மிகக் கொஞ்சம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். லைட்டுக்காகப் போட்ட இணைப்பு வழியாக அது தினமும் ஓடியிருக்கிறது. இணைப்பு கொஞ்சம் லூசாக இருந்தாலும் அந்த இடம் சூடாகும். "எம்.சி.பி. விழுந்திருக்குமே" என்று கேட்பீர்கள். விழாது. எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரண்டு போகிறது என்பதை மட்டும்தான். 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 9 ஆம்பியர் சாதாரண விஷயம். இணைப்பு வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அதே இணைப்பு சுவரில் கண் முன்னே இருந்திருந்தால் நிறம் மாறுவதை அம்மாவே பார்த்திருப்பார். நான் அதைச் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்துவிட்டேன்.

நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாத ஒரு சம்பவம் உண்டு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. வீடியோ எடுப்பதற்காக இழுத்த ஒயரில் ஏற்பட்ட மின்கசிவு என்றார்கள். மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். தலைக்கு மேலே அழகுக்காகப் போட்ட கூரை, அதை ஒட்டிப் போன அவசர ஒயர். நம் வீட்டு அடுப்படி அவ்வளவு பெரிய இடம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சீலிங்கிலும் ஏறும்போது எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

உங்கள் அடுப்படிக்கு இந்த லைட் தேவையா என்பதை முதலில் யோசியுங்கள். கான்கிரீட் தளம் மட்டும் இருக்கிறது, சீலிங் இல்லை என்றால், லைட்டுக்காக மட்டும் சீலிங் போட வேண்டாம். தளத்தின் அடியிலேயே ஒட்டினாற்போல் மாட்டுகிற சர்ஃபேஸ் லைட் கிடைக்கிறது, பார்வைக்கு ஏறக்குறைய அதேதான். சிலர் தளத்தைக் கொத்திக் குழி எடுத்து லைட்டைப் பதிக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டின் கனம் ஓர் அங்குலம் கூட இருக்காது. அதைக் கொத்தினால் கம்பி வெளியே தெரியும், துருப்பிடிக்கும், வீட்டுக்கே கேடு. பதிக்கத்தான் வேண்டும் என்றால் தளம் போடும் அன்றே அதற்குரிய பெட்டியை வைத்துவிட வேண்டும்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாது. எல்.இ.டி. லைட்டோடு ஒரு சின்னப் பெட்டி வரும், டிரைவர் என்பார்கள். அதற்குள் இருக்கும் கண்டென்சருக்குச் சூடு ஆகாது. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் கணக்கு. "ஐந்து வருஷம் வரும்னு சொன்னாங்க, ஒரு வருஷத்துல போயிடுச்சு" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் சீலிங்குக்கு மேலே கையை விட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஓடு ஒழுகினால் முன்பு தரையில் சொட்டும், உடனே தெரியும். இப்போது சீலிங்கின் மேலே தேங்கி, லைட் ஓட்டை வழியாகத்தான் இறங்கும்.

எத்தனை லைட், எங்கே என்று பார்ப்போம். பெரும்பாலும் சீலிங் போடுபவர் அறையை நாலாகப் பிரித்து நடுநடுவே ஓட்டை போட்டுவிடுவார். படம் பிடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் மேடையைப் பார்த்து நிற்கும்போது லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உங்கள் நிழலிலேயே வெங்காயம் நறுக்க வேண்டும். அரிவாள்மனையிலும் கத்தியிலும் விரலை வெட்டிக்கொள்வது அப்படித்தான். மேடை 2 அடி அகலம் என்றால், லைட் வரிசை சுவரிலிருந்து சுமார் 2 அடியில், அதாவது மேடை விளிம்புக்கு நேர் மேலே வர வேண்டும். மேடைக்கு மேலே அலமாரி முன்னுக்கு வந்திருந்தால் அதற்கு அடியில் தனியாக ஒரு சின்ன எல்.இ.டி. பட்டை போடுங்கள், கூரை லைட் அங்கே எட்டாது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எதுவும் வேண்டாம். பெருநாளன்று தேக்சா ஏற்றினால் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் நேராக மேலேதான் போகும். கிட்டத்தட்ட மூன்றடி தள்ளி வையுங்கள்.

8 அடிக்கு 10 அடி அடுப்படி என்றால் நாலு லைட், ஒவ்வொன்றும் 8 வாட் அல்லது 10 வாட், போதுமானது. வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டியில் 'லூமன்' என்று போட்டிருக்கும், அதுதான் வெளிச்சத்தின் அளவு. நாலும் சேர்ந்து 3000 லூமனுக்குக் குறையாமல் பாருங்கள். நிறத்துக்கு 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். கறி வெந்ததா, மீன் புதுசா என்பது அதில் சரியாகத் தெரியும். 6500 என்பது ஆஸ்பத்திரி வெள்ளை. அவரவர் விருப்பம்.

மின்கட்டணம் கேட்பீர்கள். நாலு 8 வாட் லைட் தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட் கூட வராது. முன்பு கல்ஃப் வீடுகளில் பார்த்து நாம் ஆசைப்பட்ட 50 வாட் ஹாலஜன் லைட் நாலு போட்டால் அதே நேரத்துக்கு 72 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். சூடும் பயங்கரம். 1992ஆம் வருடம் இங்கிலாந்து ராணியின் விண்ட்சர் கோட்டை எரிந்தது ஒரு பழைய காலத்து ஸ்பாட் லைட் திரைச்சீலையில் பட்டதால்தான். நூறு அறைகளுக்கு மேல் சேதம், சரிசெய்ய ஐந்து வருடம் ஆனது. வீட்டில் இன்னும் பழைய ஹாலஜன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது டிரைவர் மேலும் பெட்டி மேலும் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அடித்தால் எந்தக் கம்பெனி, உண்மையா என்று தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள். லைட்டின் முதுகு அலுமினியமாக இருப்பது நல்லது, சூட்டை வெளியே தள்ளும். எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதும் டிரைவரில் எழுதியிருக்கும். நம் ஊரில் நியூட்ரல் துண்டிக்கப்பட்டால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட ஏறும் என்பது தெரியும்தானே, போன மழைக்காலத்தில் டி.வி. போனவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சபரிலிருந்து வரும்போது லைட் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துபாய், சிங்கப்பூர், மலேசியா கரண்டும் நம் கரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சவூதியில் பழைய வீடுகளில் 127 வோல்ட் உண்டு. அதற்கென்று செய்த லைட்டை இங்கே மாட்டினால் போட்ட உடனே போய்விடும்.

இனி மாட்டுகிற அன்று. வருகிறவரிடம் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்டால் நல்ல வேலைக்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான். சீலிங் போடுகிறவர் "லைட்டையும் நானே மாட்டிடறேன் அக்கா" என்றால், ஓட்டையை மட்டும் அவர் போடட்டும். ஓட்டை போடுவதற்கு முன் லைட்டை வாங்கிவிடுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு ஓட்டை போட வேண்டும். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் ஸ்பிரிங் பிடிக்காது, பேப்பரைச் சொருகி நிறுத்துவார்கள். அது நான் பார்த்த கண்றாவிகளில் ஒன்று.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். மெயினை அணைத்தால் கரண்டு போய்விட்டது என்று ஏணியில் ஏறிவிடுகிறார்கள். மெயினை அணைத்ததுமே இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். அடுப்படி லைட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் பெண்கள் கீழே நின்று, "இன்வெர்ட்டர அணைச்சாச்சா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் ஓர் உயிர் தப்பும்.

லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். அந்த ஒயரில் லைட் மட்டும்தான் இருக்க வேண்டும். மிக்சி, ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன், கெட்டில் எதுவும் அதில் வரக்கூடாது, அவற்றுக்குப் பெரிய ஒயரில் தனி லைன். என் அம்மா வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டீர்கள். சீலிங்குக்கு மேலே ஒயர் வெறுமனே கிடக்கக் கூடாது, பைப்புக்குள் போக வேண்டும். நம் ஊர் எலிக்கு ஒயரின் மேல்தோல் என்றால் ஹல்வா மாதிரி. இணைப்பு எதுவும் டேப் சுற்றி விடக் கூடாது. நல்ல கனெக்டர், அதைச் சுற்றி மூடியுள்ள ஒரு பெட்டி. அந்தப் பெட்டியும் டிரைவரும் லைட் ஓட்டை வழியாகக் கையை விட்டால் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ரிப்பேர் என்றால் பலகையை உடைக்க வேண்டும். லைட்டின் முதுகுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலமாவது காலியாக இருக்கட்டும். சூடு தெரியக் கூடாது என்று சிலர் சீலிங் மேலே தெர்மாகோல் போடுகிறார்கள். லைட் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பழைய சாமான், கோணிப்பை, பெருநாள் அலங்காரத் துணி எதையும் மேலே தள்ளாதீர்கள்.

உலோக உடம்பில் எர்த் திருகாணி இருந்தால் பச்சை ஒயர் அதில் மாட்டியே ஆக வேண்டும். "பழைய வீடு, எர்த் இல்லை, பரவாயில்லை" என்று சொன்னால் விடாதீர்கள். மரப்பட்டையில் ஒயர் போன பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. அதற்கு அடையாளம் சொல்கிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் எல்.இ.டி. மங்கலாக மினுக்கிக்கொண்டே இருந்தால் அது ஒரு காரணமாக இருக்கலாம். இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் அப்படி ஆகும். ஜின், ஷைத்தான் என்று யாரும் பயப்பட வேண்டாம், எனக்கு அப்படி ஒரு போன் வந்திருக்கிறது! ஆனால் அணைத்த லைட்டிலும் கரண்டு நிற்கிறது என்று பொருளாகலாம் என்பதால் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். கடையில் இ.எல்.சி.பி., டிரிப்பர் என்றாலும் தெரியும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், இது மனிதரைக் காப்பாற்றும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது, மாற்றுங்கள். அடிக்கடி தானாக விழுகிறது என்று அதையே கழற்றிப் போடச் சொல்கிற எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

சீலிங்கை மூடுவதற்கு முன் போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, பெட்டி எங்கே இருக்கிறது, எல்லாம் தெரிய வேண்டும். சபரில் இருப்பவருக்கு அனுப்புங்கள். டிசைன் கேட்டவர் அதையும் பார்க்கட்டும்.

இரண்டு நம்பர் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். கேஸ் கசிவுக்கு 1906. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஜன்னலைத் திறந்து ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். ஒயரில் தீ கண்டால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க முடிந்தால் அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வெளியேறி 101க்குச் சொல்லுங்கள்.

அம்மா வீட்டில் இப்போது ஒயர் முழுக்க மாற்றி, இண்டக்‌ஷனுக்குத் தனி லைன் போட்டாயிற்று. நாலு லைட்டும் எரிகிறது. அப்படியும் அம்மா மேடைக்கு மேலே பழைய ட்யூப் லைட்டை மறுபடி மாட்டச் சொல்லிவிட்டார். அதில்தான் அரிசியில் கல் தெரிகிறதாம்.

ஏற்கெனவே சீலிங் போட்டு மூடிவிட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகள், அறக்கட்டளை அலுவலகத்தில் பேரைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு ஏணியும் டார்ச்சுமாக வந்து ஒரு லைட்டைக் கழற்றி மேலே பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே நாலு வீடு பார்க்கலாம். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.